மூதாதையா, வாத்தியாரா?

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போய்ச் சண்டைக் கலையைக் கற்றுக் கொடுத்தார். சீனாவிலிருந்து அது ஜப்பானுக்குப் போயிற்று. ஜப்பானிலிருந்து கராத்தே என்றும் கென்போ என்றும் பெயரை மாற்றிக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்து சேர்ந்தது. இப்படி ஒரு சரித்திரத்தை இன்று பள்ளிக்கூடத்துப் பையன் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். 2011இல் '7ஆம் அறிவு' என்ற சினிமா வந்த பிறகு, அதுவரை சொல்லாதவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்டிபட்டியில் ஒரு கராத்தே வகுப்பின் விளம்பரத் தட்டியில் அந்தத் தாடிக்காரத் துறவியின் படத்தைப் பார்த்தேன். படத்தின் கீழே, 'உலகுக்கே கற்றுக் கொடுத்த தமிழன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் துறவியிடம் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. என் சண்டையெல்லாம் அந்த வாசகத்தோடுதான்.

இதைச் சொன்னால் உடனே சிலர் கோபித்துக்கொள்வார்கள். தமிழனுக்கு ஒரு பெருமை வந்தால் அதைத் தட்டிப் பறிக்க ஒரு தமிழன்தான் முன்னால் வருவான் என்பார்கள். அன்பர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். நான் பறிக்க வரவில்லை. நம் பையில் இருக்கிற நல்ல நாணயத்தைக் கீழே போட்டுவிட்டுச் செல்லாக் காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறோமே, அதைத்தான் சுட்டிக் காட்டுகிறேன்.

முதலில் அந்தக் காசைத் தட்டிப் பார்ப்போம்.

போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு கி.பி. 547இல் யாங் சுவான்சி என்ற சீனர் எழுதியது. லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றிய நூல் அது. அதில் அவர் வருகிறார். ஒரு பெரிய கோயிலின் கோபுர அழகைக் கண்டு கை குவித்து வியந்து நிற்கிறார். தமக்கு வயது 150 என்கிறார். அவர் எந்த ஊர்க்காரர்? பாரசீகர் என்று எழுதியிருக்கிறது. அதே நூற்றாண்டில் அவருடைய உபதேசத்துக்கு முன்னுரை எழுதிய தான்லின் என்பவர்தான், அவர் தென்னிந்தியாவில் ஒரு பெரிய அரசனுடைய மூன்றாவது மகன் என்கிறார். காஞ்சி, பல்லவர் என்பனவெல்லாம் பின்னால் வந்தவர்கள் கூட்டிச் சேர்த்துக்கொண்டவை. அவர் தெற்கேயிருந்து போனவர் என்பதை நான் மறுக்கவில்லை. தமிழ் மண்ணிலிருந்து போனவராகவே இருக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பழைய குறிப்புகள் ஒன்றிலாவது அவர் யாருக்கும் ஒரு குத்துக் கற்றுக் கொடுத்ததாக, ஓர் உதை கற்றுக் கொடுத்ததாக ஒரு வரி இல்லை. தியானம் கற்றுக் கொடுத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பிறகு சண்டை எங்கிருந்து வந்தது? 'தசைநார் மாற்றும் நூல்' என்று ஒரு புத்தகம் இருக்கிறது. போதிதர்மர் எழுதி வைத்துவிட்டுப் போனது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. பெரிய பெரிய சேனாதிபதிகளின் பெயரில் முன்னுரைகளும் இருக்கின்றன. உண்மையில் அது 1624ஆம் ஆண்டுச் சரக்கு. போதிதர்மருக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற சீனப் பண்டிதர், இது ஏதோ ஒரு பட்டிக்காட்டு வாத்தியார் செய்த போலி வேலை என்று நகைத்துவிட்டார். 1930இல் தாங் ஹாவ் என்ற இன்னொரு சீனர் ஷாவ்லின் கதைகளை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதி, போதிதர்மருக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று காட்டினார். கவனிக்க வேண்டும்: இந்தக் கதையை உடைத்தவர்கள் சீனர்கள். தங்கள் நாட்டின் புகழ் பெற்ற கோயிலைப் பற்றிய கதையை அவர்களே சோதித்துப் பார்த்தார்கள். நாம் சோதிக்கவில்லை, சுவரில் ஒட்டினோம்.

ஷாவ்லின் கோயிலின் உண்மையான கதை இதைவிடச் சுவையானது. 495ஆம் ஆண்டு வாக்கில், அங்கே வந்த வேறோர் இந்தியத் துறவிக்காக அரசன் கட்டிக் கொடுத்த மடம் அது. 621இல் அந்த மடத்துத் துறவிகள், பின்னாளில் தாங் வம்சத்துப் பேரரசனான லி ஷிமின் பக்கம் நின்று சண்டையில் உதவினார்கள். 728இல் வெட்டிய கல்வெட்டு அதற்குச் சாட்சி. பதினாறாம் நூற்றாண்டில் கடற்கொள்ளைக்காரர்களை எதிர்த்து அவர்கள் களத்தில் இறங்கினார்கள். எந்த ஆயுதத்தோடு தெரியுமா? கம்போடு! பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யோ என்பவர் அந்த மடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் தங்கிக் கற்றுக்கொண்டு வந்து ஒரு நூல் எழுதினார். அது கம்பு வீச்சைப் பற்றிய நூல். துறவிகள் இப்போதுதான் வெறுங்கைச் சண்டையில் கருத்துச் செலுத்துகிறார்கள், அது இன்னும் எங்கும் பரவவில்லை என்கிற பாவனையில் அவரே எழுதியிருக்கிறார். ஆக, உலகமெல்லாம் கொண்டாடுகிற அந்தக் கோயிலுக்குப் புகழைத் தேடித் தந்தது கைக்குத்து அல்ல, ஒரு கழி.

அந்தக் கழியைத்தான் நம்மூரில் சிலம்பம் என்று சொல்லுகிறோம். சீனத்துக் கம்புக்கும் நம்முடைய கம்புக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. அப்படிப் போட்டால் நானும் அந்த விளம்பரத் தட்டிக்காரர் கட்சியில் சேர்ந்தவனாவேன். நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். சீனத்துக் கோயிலில் நம் ஆள் யாராவது இருந்தானா என்று ஆயிரத்தைந்நூறு வருஷம் பின்னால் போய்த் துழாவுகிற நமக்கு, அடுத்த தெருவில் கம்பு கற்றுக் கொடுக்கிற மனிதர் ஏன் கண்ணில் படவில்லை?

கென்போ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவான் ஃபா என்று சீனத்தில் எழுதுகிற இரண்டு எழுத்துக்களை ஜப்பானியர் படிக்கிற முறை அது. முஷ்டியின் முறை என்று பொருள். நம் கிராமத்தில் இதற்கு வெகு காலமாகப் பெயர் இருக்கிறது: குத்துவரிசை. அகராதியைப் புரட்ட வேண்டாம். தெற்கத்திச் சீமையில் வயதான சிலம்ப வாத்தியார் யாரையாவது கேட்டால் காலடி போட்டுக் காட்டிவிட்டே சொல்லுவார்.

ஒரு கலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவது எப்படி? தெய்வீகத் துறவி ஒருவர் கடல் கடந்து போய் அருள் பாலித்து அல்ல. எட் பார்க்கர் என்பவர் ஹவாய்த் தீவில் பிறந்தவர். அங்கே வில்லியம் சாவ் என்ற வாத்தியாரிடம் கென்போ படித்தார். 1956இல் கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரில் ஒரு பள்ளி திறந்தார். அதற்கு முன் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கலை அவ்வளவாகத் தெரியாது. தாம் படித்ததை அப்படியே அங்கே நட்டுவைக்கவில்லை அவர். அந்த ஊர்த் தெருவில் நடக்கிற சண்டைக்கு ஏற்றபடி மாற்றினார், அடவுகளுக்குப் புதுப் பெயர் வைத்தார், எழுதினார், பாடத்திட்டம் வகுத்தார். 1964இல் லாங் பீச் என்ற ஊரில் அவர் நடத்திய பெரிய போட்டியில்தான் புரூஸ் லீ என்ற இளைஞர் மேடையேறித் தம் வித்தையைக் காட்டினார். அந்த இளைஞரின் 'என்டர் த டிராகன்' 1973இல் வந்த பிறகு என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மூர்ச் சின்னப் பட்டணங்களில் எல்லாம் பையன்கள் கயிற்றில் இரண்டு கட்டையைக் கட்டிச் சுழற்றி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிறகு வகுப்புகள் வந்தன.

இன்னொருவர் ஃபுனாகோஷி. 1868இல் ஒக்கினாவாத் தீவில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1922இல், டோக்கியோவில் நடந்த ஒரு கண்காட்சிக்குக் கராத்தேயைக் காட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒக்கினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் வாசல் பெருக்கினார், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். மிச்ச நேரத்தில் கற்றுக் கொடுத்தார். கராத்தே என்ற சொல்லுக்கு அப்போது 'சீனக் கை' என்று பொருள். எந்தத் திக்கிலிருந்து கற்றார்களோ அந்தத் திக்கின் பெயரையே கலைக்கு வைத்திருந்தார்கள் ஒக்கினாவாக்காரர்கள். கற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு வெட்கமாக இல்லை. 1930களில், ஜப்பானில் தேசாபிமானம் தலைக்கேறிய காலத்தில், உச்சரிப்பை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் மாற்றி 'வெறுங்கை' என்று பொருள் வரும்படி செய்துகொண்டார்கள். அந்த மாற்றத்தைச் செய்தவர்களில் ஃபுனாகோஷியும் ஒருவர். பெருமை வியாதி எல்லா ஊரிலும் உண்டு என்பதற்கு இது அத்தாட்சி. ஆனாலும் வாசல் பெருக்கிய அந்த ஐம்பது வயதுக்காரரின் விளக்குமாற்றை யாராலும் மறைக்க முடியாது. கராத்தேயை ஜப்பானுக்குக் கொண்டுபோனது அந்த விளக்குமாறுதான்.

முன்னோடி என்றால் எனக்கு இவர்கள்தாம் முன்னோடிகள். ஊர் தெரியாத ஊரில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, முதல் மாதம் மூன்று பிள்ளைகளும் இரண்டாம் மாதம் இரண்டு பிள்ளைகளும் வந்தாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் வாசலில், மேற்கே போகிற பஸ்கள் கணவாய் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிற ஆண்டிபட்டியிலும் அப்படிப்பட்டவர் ஒருவர் உண்டு. விளம்பரத் தட்டிக்குச் சொந்தக்காரர் அவர்தான். அவரிடம் நான் சண்டைக்குத்தான் போனேன்.

"ஏன் ஐயா இந்தப் படம்?" என்று கேட்டேன்.

"படம் போட்டாத்தாங்க பிள்ளைக வருது. என் படத்தைப் போட்டா யாரு வருவா?" என்றார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து கற்றுக் கொடுக்க ஆரம்பித்தவராம் அவர். 2010 முடிவில் நின்றுபோன ரயில் 2022இல் திரும்பி வருகிற வரையில் பஸ்தான் அவருக்குக் கதி. ராத்திரி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிலையத்திலேயே படுத்துத் தூங்கிய நாட்கள் உண்டு என்றார். அந்த மனிதருடைய படம் அல்லவா அந்தத் தட்டியில் இருக்க வேண்டும்! தம் வியர்வையை விட ஒரு கட்டுக்கதைக்கு மதிப்பு அதிகம் என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நாம்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவர் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து விட்டுப் போனார். தறி நெசவுக்காரர். அவர் சிலம்பம் தெரிந்தவர், ஒரு காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவர் என்று கராத்தே வாத்தியார் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் போய்க் கிழவரைப் பிடித்தேன்.

"நீங்களே கற்றுக் கொடுக்கலாமே பெரியவரே, பேத்தியை இங்கே எதற்கு அனுப்புகிறீர்கள்?"

"நம்மகிட்டக் கத்துக்கிட்டா திருவிழாவுல துண்டு போத்துவாங்கய்யா. இங்க கத்துக்கிட்டா காயிதம் குடுக்காங்க. பள்ளிக்கூடத்துல காயிதத்தைத்தானே கேக்குறாக?"

இதற்கு மேல் அவரிடம் கேட்க என்னிடம் கேள்வி இல்லை.

ஆண்டிபட்டியில் இதைக் கேட்டதில் ஒரு விசேஷம் இருக்கிறது. 1984ஆம் வருஷத்துத் தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடியே ஜெயித்த தொகுதி இது. தமிழ்ச் சினிமாவில் சிலம்பத்தை அவரைப்போல் காட்டியவர்கள் யாரும் இல்லை. 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றியதையும், 'உழைக்கும் கரங்கள்' படத்தில் மான்கொம்பு பிடித்ததையும் பார்த்துக் கை தட்டாத தமிழன் இல்லை. கை தட்டினோம்; விசில் அடித்தோம்; வோட்டுப் போட்டோம். அந்த வித்தையைக் கற்றுக் கொடுக்கிற வாத்தியாருக்கு மாதம் ஒரு சம்பளம் என்ற நினைப்பு மட்டும் நமக்கு வரவில்லை. திரையில் கம்பு சுற்றினால் தலைவர். தெருவில் சுற்றினால் வேலையற்றவன். இதுதான் நம் நியாயம்.

சரித்திரத்தில் இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட 1801ஆம் ஆண்டின் இறுதியிலேயே, பாளையக்காரர் சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதையும் பழகுவதையும் ஒழிக்கக் கும்பினி சர்க்கார் பிரகடனம் போட்டது. அதற்கு நூறு வருஷம் கழித்து, 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம். கணவாய்க்குக் கிழக்கே உசிலம்பட்டிச் சீமையில் ஊர் ஊராக ஆண்பிள்ளைகளின் கைரேகையை எடுத்து, ராத்திரியில் போலீஸ் காவலில் வந்து படுக்க வேண்டும் என்றார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. கையில் கம்பு வைத்திருந்தவனைக் குற்றவாளி என்று பார்க்கக் கற்றுக் கொடுத்தது வெள்ளைக்காரன். அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணாடியை மட்டும் நாம் இன்னும் கழற்றவில்லை. கராத்தே கற்கிற பையன் கட்டுப்பாடானவன் என்றும், சிலம்பம் கற்கிற பையன் முரடனாகப் போய்விடுவான் என்றும் நினைக்கிற தகப்பனாரை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். கௌரவமான உத்தியோகத்தில் இருக்கிறவர்கள். நாலு புத்தகம் படித்தவர்கள். அவர்களே கூட்டத்தில் போதிதர்மரைப் பற்றிப் பேசினால் கண்ணில் நீர் வரப் பேசுவார்கள்.

காரணம் வெகு சுலபமானது. செத்துப் போன மூதாதைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிற வாத்தியாருக்குக் கொடுக்க வேண்டும். மூதாதை நம்மைத் திட்டமாட்டார். முழங்காலை இன்னும் மடக்கு என்று அதட்டமாட்டார். காலை ஐந்து மணிக்கு வா என்று சொல்லமாட்டார். அவரிடம் பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். வாத்தியாரிடம் வித்தையை வாங்க வேண்டுமானால் உடம்பைக் கொடுக்க வேண்டும்.

சரி, சிலம்ப வாத்தியார்கள் மட்டும் குற்றமற்றவர்களா? அவர்கள் மேலும் எனக்கு வழக்கு உண்டு. வித்தையின் கடைசிப் பாடத்தை ஒளித்து வைத்துக்கொண்டு செத்துப் போனவர்கள் எத்தனை பேர்! சிஷ்யன் தன்னையே அடித்துவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு. இன்னொன்று இதைவிட மோசம். நம் கிராமத்தில் கம்பு தெருவுக்குத் தெரு பிரிந்து கிடந்தது. இந்தத் தெரு வாத்தியார் அந்தத் தெருப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கமாட்டார். சேரிப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். பெண்பிள்ளை என்ற பேச்சே கிடையாது. இந்தப் பழைய பெருமையை அப்படியே புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அவர்களுக்கு எதிரிதான்.

கராத்தே நம்மூருக்குச் செய்த உபகாரம் இங்கேதான் இருக்கிறது. அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோ வகுத்த வெள்ளை உடுப்பும் இடுப்புப் பட்டையும் கராத்தேக்கும் வந்து, அங்கிருந்து ஆண்டிபட்டிக்கும் வந்தன. அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று தெரியவில்லை. பட்டையின் நிறம் ஒன்றுதான் மேல் கீழ் சொல்கிறது. அந்த நிறமும் உழைத்தால் மாறுகிறது. பிறந்த நிறம் மாறாத நாட்டில் இது சாமானியமான காரியமா? அந்தக் கிழவருடைய பேத்தி, பையன்களோடு ஒரே வரிசையில் நின்று, அதே சத்தத்தில் கத்திக்கொண்டு காலைத் தூக்கினாள். அவளுடைய பாட்டிக்கும் அம்மாவுக்கும் இந்த ஊரில் கிடைக்காத இடம் அது. அதைக் கொடுத்தது காஞ்சிபுரத்து இளவரசர் அல்ல. மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்.

ஆனால் அந்தப் பட்டையிலும் கறை படிந்துவிட்டது. இந்தப் பரீட்சைக்கு இவ்வளவு, அந்த நிறத்துக்கு இவ்வளவு என்று விலை போட்டு, காலை நேரே தூக்கத் தெரியாத குழந்தைக்குக் கருப்புப் பட்டை கட்டிப் புகைப்படம் எடுத்துக் கொடுக்கிற வியாபாரம் நாடு முழுவதும் நடக்கிறது. நடத்துகிறவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "என் பிள்ளைக்கு எப்போது கருப்புப் பட்டை கிடைக்கும்?" என்று சேர்த்துவிட்ட மறுவாரமே கேட்கிறவர்கள் யார்? நாம்தான். நேர்மையான வாத்தியார் ஐந்து வருஷம் ஆகும் என்கிறார். பக்கத்துத் தெருவில் இரண்டு வருஷம் என்கிறார்கள். பிள்ளையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றுகிறோம். பிறகு, கராத்தேயில் ஒன்றுமில்லை, எல்லாம் ஏமாற்று என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

சர்க்காரும் சும்மா இல்லை. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லிக் கொடுக்கப் பணம் ஒதுக்குகிறார்கள். ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு. எண்ணம் நல்ல எண்ணம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்று மாதத்தில் என்ன வரும் என்பதுதான் கேள்வி. சிலம்பத்தில் மூன்று மாதத்தில் காலடி சரியாக விழாது. கராத்தேயில் மூன்று மாதத்தில் கையை எப்படி மூடுவது என்பது பழகும். நான்காம் மாதம் வாத்தியார் போய்விடுவார். பிள்ளைக்கு மிஞ்சுவது தன்னால் தற்காத்துக்கொள்ள முடியும் என்ற தைரியம் மட்டுமே. வித்தை இல்லாத தைரியம் ஆபத்தானது. இருட்டிய பிறகு ஆளில்லாத சாலையில் டியூஷன் முடிந்து நடந்து வருகிற பெண்ணுக்கு, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய தமிழன் துணை வரமாட்டான். பழகிப் பழகித் தன்னையறியாமல் நகர்கிற கால் ஒன்றுதான் அவளுக்குத் துணை. அந்தக் காலை மூன்று மாதத்தில் யாராலும் உண்டாக்க முடியாது.

சிலம்பத்துக்கும் நல்ல காலம் பிறக்கிற அறிகுறி தெரியாமல் இல்லை. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை முதலிய ஊர்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதைக் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். எல்லாம் சரிதான். ஒதுக்கீடு ஜெயித்த பிள்ளைக்கு. மேடை வந்திருக்கிற பிரமுகருக்கு. கற்றுக் கொடுத்தவருக்கு என்ன?

ஒக்கினாவாவில் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை பார்க்கலாம். இடோசு என்ற ஆசான், ஒளித்துக் கற்றுக்கொண்டிருந்த கராத்தேயை 1901 வாக்கில் ஆரம்பப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு உரிய கஷ்டமான அடவுகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி ஐந்து பாடமாகப் பிரித்தார். 1908இல் இதைப் பள்ளிகளில் பரப்ப வேண்டும் என்று பத்து விஷயங்களை வரிசைப்படுத்தி ஒரு கடிதம் எழுதினார். இன்றைக்கு உலகத்தின் பல மூலைகளில் நடக்கிற கராத்தே வகுப்புகளில் அந்த ஐந்து பாடங்கள் ஏதாவது ஒரு பெயரில் உயிரோடு இருக்கின்றன. ஒரு சின்னத் தீவின் வித்தை உலகத்தைப் பிடித்தது பழம்பெருமையால் அல்ல. பாடத்திட்டத்தால், பள்ளிக்கூடத்தால், வருஷம் முழுவதும் வேலை பார்த்த வாத்தியாரால்.

நம்மிடம் இதில் எது இல்லை? பள்ளி இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், மூங்கில் காடே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் சிலம்பத்துக்கும் கராத்தேக்கும் வருஷம் முழுவதும் வாத்தியார் நியமிக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை என்று கிழவரைத் தள்ளாமல், வித்தையைச் சோதித்து எடுக்க வேண்டும். அவரிடம் தெரு, சாதி பார்க்கமாட்டேன், பெண்பிள்ளைக்கு ஒளிக்கமாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டும். அவர் கொடுக்கிற காகிதத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும். இது நடக்க ஒரு சட்டமும் கடல் கடந்து வர வேண்டியதில்லை.

சர்க்கார் செய்கிற வரையில் காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கிற குடும்பஸ்தர்கள் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் கம்போ கராத்தேயோ சொல்லித் தருகிறவர் யார் என்று விசாரியுங்கள். பிள்ளையைச் சேருங்கள், ஆண்பிள்ளையானாலும் பெண்பிள்ளையானாலும் சரி. பட்டை எப்போது என்று கேட்காதீர்கள்; இன்றைக்கு எங்கே கால் தவறியது என்று கேளுங்கள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் சம்பளத்தைக் கையில் கொடுங்கள். அதைச் செய்த பிறகு போதிதர்மர் படத்தைக் கூடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அவரும் வெகு தூரம் நடந்து போன வாத்தியார்தான்.